பெயரற்ற தகரப் பெட்டிகளில் அடைபட்ட சிரிப்பு

பிரான்சின் தென்பகுதியில் உள்ள துலூஸ் நகரில் ரெய்மோன் போர்ட் என்னும் திரைப்பட ஆர்வலர் பழைய படச்சுருள்களைத் தேடித் தேடிச் சேர்த்து வந்தார். இன்று ஐரோப்பாவின் முக்கியமான திரைப்படக் காப்பகங்களுள் ஒன்றாக விளங்கும் துலூஸ் சினிமாத்தெக்கை நிறுவியவர் அவரே. 1960களில், ஊர் ஊராகச் சென்று சந்தைகளில் படம் காட்டிப் பிழைத்த நாடோடிக் காட்சியாளரின் கையிருப்பிலிருந்து சில தகரப் பெட்டிகள் அவரிடம் வந்து சேர்ந்தன. அவற்றின்மேல் காணப்பட்டது ஒரேயொரு சொல்: 'பிரிக்கோலோ'. கையில் அகப்பட்டதைக் கொண்டு எதையாவது பொருத்திச் செய்துகொண்டே இருப்பவனைப் பிரெஞ்சுக்காரர் 'பிரிக்கொலேர்' என்பர். அச்சொல்லிலிருந்து பிறந்த செல்லப் பெயர் அது.

சுருள்களை ஓட்டிப் பார்த்தபோது திரையில் தோன்றியது எவரும் அறியாத ஒரு கோமாளி. ஒல்லியான உருவம், துயரம் தோய்ந்த முகம். அவன் உடையாத முட்டைகளை உண்டாக்குவதற்கென்று ஓர் அறையை நிறைக்கும் பொறியொன்றைக் கட்டுகிறான். சேர்த்த முட்டைகளை மோட்டார்க் காரின் இயந்திரக் கூட்டினுள் வைக்கிறான். இயந்திரத்தின் சூட்டில் முட்டைகள் பொரிக்கின்றன. வெளிவருவன குஞ்சுகள் அல்ல. சின்னஞ்சிறு போர்ட் கார்கள்! அவை தத்தித் தத்தி நகர்ந்து, கோழியின் செட்டைக்குள் ஒதுங்கும் குஞ்சுகளைப் போலப் பெரிய காரின் அடியில் ஒதுங்கிக்கொள்கின்றன. கணினி எதுவும் இல்லாத 1926ஆம் ஆண்டில் இது படமாக்கப்பட்டது. பொம்மையைச் சற்றே அசைத்து ஒரு படம், மீண்டும் அசைத்து இன்னொரு படம் என்று, திரையில் ஒரு நொடி ஓடுவதற்குப் பதினாறுக்கும் மேற்பட்ட தடவை செய்த வேலை அது.

யார் இந்த மனிதர்? பெட்டியில் விடை இல்லை. பழைய திரைத்தொழில் ஏடுகளைப் புரட்டித்தான் உண்மையை அறிய முடிந்தது. 'பிரிக்கோலோ' என்பது பிரெஞ்சு விநியோகத்தர் சூட்டிய பெயர். அம்மனிதரின் சொந்தப் பெயர் சார்ளி பவர்ஸ். அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக் கிறெஸ்கோ என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். 'மட் அன்ட் ஜெஃப்' என்ற கேலிச்சித்திரத் தொடரை அசையும் படங்களாக ஆக்கியவர்களுள் ஒருவர். 1926 முதல் 1928 வரை குறும் நகைச்சுவைப் படங்களைத் தாமே நடித்து உருவாக்கினார். 1930இல் அவர் எடுத்த பேசும் குறும்படமொன்றை ஆந்திரே பிரெத்தோன் என்னும் பிரெஞ்சுக் கவிஞர் பாராட்டி எழுதினார். 1946இல் பவர்ஸ் மறைந்தபோது அவரை நினைவில் வைத்திருந்தோர் மிகச் சிலரே. பெட்டிகள் திறக்கப்பட்டபோது, தமது படங்களுக்கு மீண்டும் ஆள் சிரிப்பதைக் கேட்க அவர் இல்லை.

பின்னர் கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள கியூபெக் சினிமாத்தெக்கைச் சேர்ந்த லூயிஸ் போடே என்ற அம்மையார் அவரது வாழ்வையும் படைப்புகளையும் ஆராய்ந்து வெளிப்படுத்தினார். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசின் லொப்ஸ்ரர் நிறுவனம் எஞ்சிய படங்களைச் செப்பனிட்டு வெளியிட்டது. அமெரிக்கர் ஒருவரை அமெரிக்கருக்கு மீட்டுக் கொடுத்தவர்கள் பிரான்சின் நாடோடிகளும், தென்பிரான்சின் சேகரிப்பாளர் ஒருவரும், மொன்றியல் ஆய்வாளர் ஒருவருமே.

பிரபலமற்ற பழைய நகைச்சுவைக் குறும்படங்களில் இன்று பலர் மனத்தைப் பறிகொடுப்பது ஏன் என்ற வினாவுக்கு இந்தக் கதையிலேயே பாதி விடை அடங்கியிருக்கிறது. மீதியைச் சற்று விரிவாக நோக்குவோம்.

இரண்டு சுருள் உலகம்

பேசாப் படக் காலத்தில் ஒரு சுருள் என்பது ஏறத்தாழ ஆயிரம் அடி நீளம். ஓட்டும் வேகத்தைப் பொறுத்து அது பத்து முதல் பதினைந்து நிமிடங்கள் ஓடும். நகைச்சுவைக் குறும்படங்கள் பெரும்பாலும் ஒரு சுருளிலோ இரண்டு சுருள்களிலோ அடங்கின. கொட்டகைக்குச் செல்பவர் முதலில் செய்திப்படம், கேலிச்சித்திரப் படம், நகைச்சுவைக் குறும்படம் ஆகியவற்றைப் பார்த்த பின்னரே அன்றைய முழுநீளப் படத்தைக் காண்பார். விருந்துக்கு முன் வரும் சிற்றுண்டி போன்றது அது. விருந்தைப் பற்றிப் பேசியவர்கள் சிற்றுண்டியின் பெயரை மறந்துவிட்டார்கள்.

ஆயினும் இச்சிற்றுண்டி ஒரு பெருந்தொழிலாக இருந்தது. 1912இல் மக் செனற் தொடங்கிய கீஸ்ரோன் நிறுவனமும், கல்வர் சிற்றியில் ஹால் ரோச் நடத்திய படப்பிடிப்பு நிலையமும் ஓய்வின்றிக் குறும்படங்களை வெளியிட்டன. சார்ளி சப்ளினும் லோறல், ஹார்டி இணையரும் இந்தப் பட்டறைகளில் இருந்தே உலகப் புகழுக்கு உயர்ந்தார்கள். அவர்களோடு அதே தெருவில் ஓடி, அதே சேற்றில் விழுந்த நூற்றுக்கணக்கானோர் பெயரின்றிப் போயினர்.

அப்படி மறக்கப்பட்டவர்கள் திறமை குறைந்தவர்கள் என்று எண்ணுவது தவறு. சார்ளி சேஸ் என்பவரை எடுத்துக்கொள்வோம். 1926இல் லியோ மக்கேரி இயக்கிய 'மைற்ரி லைக் எ மூஸ்' என்ற இரு சுருள் படத்தில் அவருக்கு முன்தள்ளிய பற்கள், மனைவிக்குப் பெருமூக்கு. இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் மருத்துவரிடம் சென்று தத்தம் குறையைத் திருத்திக்கொள்கிறார்கள். திருத்திய முகங்களுடன் வெளியில் சந்திக்கும்போது ஒருவரையொருவர் அடையாளம் தெரியவில்லை. அந்நியர் என்றெண்ணி, வீட்டிலுள்ள துணைக்குத் தெரியாமல் காதல் கொள்ளத் தொடங்குகிறார்கள்! இறுதியில் கணவர் உண்மையை அறிந்து, தாமே கணவராகவும் தாமே கள்ளக் காதலராகவும் மாறி மாறித் தோன்றித் தம்மோடு தாமே சண்டையிட்டு மனைவிக்குப் பாடம் புகட்டுகிறார். இருபத்தைந்து நிமிடங்களுக்குள் முடிந்துவிடும் இப்படத்தில் ஒரு நாடகாசிரியர் மூன்று அங்கங்களில் சொல்ல வேண்டிய இல்லற உண்மை அடங்கியிருக்கிறது.

நகையின் நிலைக்களன்கள்

சிரிப்பு எவ்வாறு பிறக்கிறது என்பதைத் தமிழ் இலக்கண மரபு நெடுங்காலத்துக்கு முன்பே ஆராய்ந்தது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, அதற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடமை என நான்கு நிலைக்களன்களைக் கூறுகின்றது. பேசாப் பட நகைச்சுவையைப் புரிந்துகொள்ள இந்நான்கும் போதும்.

கோமாளி அதிகாரியை எள்ளுகிறான். காவலரின் தொப்பியைத் தட்டிவிட்டு ஓடுகிறான். சிறுபிள்ளைபோல எதையும் தொட்டுப் பார்க்கிறான், இது இளமை. காலடியில் கிடக்கும் வாழைப்பழத் தோலைக் காணாமல் நடக்கிறான், இது பேதைமை. மடமையை, கொண்ட கருத்தை விடாது பற்றி நிற்கும் தன்மை எனப் பொருள்கொண்டால், பவர்சின் படங்கள் அனைத்தும் அதற்கு எடுத்துக்காட்டு. முட்டை உடைகிறது என்பதற்காக ஒரு தொழிற்சாலையையே கட்டுபவன் மடவன்தான். ஆனால் அவனது விடாப்பிடியைக் கண்டு நாம் சிரிக்கும்போதே நம் உள்ளத்தில் ஒரு மரியாதையும் எழுகின்றது. நடக்காது என்று உலகம் சொல்லும் ஒன்றை, காலை முதல் மாலை வரை, ஆணி அடித்து, கயிறு கட்டி, சக்கரம் பொருத்திச் செய்து முடிப்பவன் அவன்.

புகழ்பெற்ற படங்களைப் பார்க்கும்போது நமக்கு முன்னே பிறர் சிரித்து முடித்திருக்கிறார்கள். எங்கே சிரிக்க வேண்டும் என்பதும் நமக்குத் தெரிந்திருக்கிறது. எவரும் அறியாத குறும்படத்திற்கு அந்தச் சுமை கிடையாது. 'நவ் யூ ரெல் வன்' என்ற பவர்சின் படத்தில் செடிக் கிளையிலிருந்து பூனைகள் ஒவ்வொன்றாக முளைத்து இறங்கி வருவதையும், எலி ஒன்று கைத்துப்பாக்கியுடன் அவற்றை எதிர்கொள்வதையும் முன்னறிவிப்பின்றிக் காண்பவரின் சிரிப்பு அவருடைய சொந்தச் சிரிப்பு. எவரும் சொல்லிக்கொடுத்ததன்று.

மொழியும் ஒரு காரணம். புதிய நாட்டில் வந்திறங்கி, தொலைக்காட்சியில் எல்லோரும் சிரிக்கும்போது எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று விளங்காமல் அமர்ந்திருந்த அனுபவம் நம்மிற் பலருக்கு உண்டு. பேச்சு நகைச்சுவையே ஒரு மொழியில் நாம் கடைசியாகக் கற்றுக்கொள்வது. பேசாப் படத்திலோ இடையிடையே வரும் எழுத்தட்டையை விட்டுவிட்டாலும் கதை நிற்காது. பாட்டனாரும் பேரப்பிள்ளையும், ஒருவருக்குத் தமிழும் மற்றவருக்கு டொச்சோ பிரெஞ்சோ மட்டுமே கைவந்திருந்தாலும், ஒரே இடத்தில் சேர்ந்து சிரிக்கலாம்.

ஆனால் எல்லாவற்றையும் போற்றிவிடவும் கூடாது. அக்காலக் குறும்படங்கள் பலவற்றில் கறுப்பினத்தவரும் சீனரும் யூதரும் புதிதாய் வந்த குடியேறிகளும் இழிவான கேலிக்கு உள்ளாக்கப்பட்டார்கள். வெள்ளை நடிகர் முகத்தில் கரிபூசிக் கறுப்பராக நடித்தல் அங்கு சாதாரணம். எள்ளல் மேலோரை நோக்கிச் செல்லும்போது விடுதலை தருகிறது. கீழே தள்ளப்பட்டவரை நோக்கித் திரும்பும்போது காயப்படுத்துகிறது. அகதி என்ற சொல்லைச் சுமந்து திரியும் நாம் இவ்வேறுபாட்டை நன்கறிவோம். பழையது என்பதற்காக அதனை மன்னிக்க வேண்டியதில்லை. அதற்காக முழுவதையும் எரித்துவிட வேண்டியதும் இல்லை.

எரிந்தவையும் எஞ்சியவையும்

எரிவதைப் பொறுத்தவரை அப்படங்களுக்கு எவருடைய உதவியும் தேவைப்படவில்லை. 1950களின் தொடக்கம் வரை திரைத்தொழிலில் பயன்பட்ட சுருள் செலுலோஸ் நைத்திரேற்றினால் ஆனது. அது எளிதில் தீப்பற்றும். பற்றினால் அணைத்தல் அரிது. தீயிலிருந்து தப்பினாலும் காலப்போக்கில் பிசினாகி, இறுதியில் பொடியாகிவிடும். 1937 யூலையில் நியூஜேர்சியின் லிற்றில் பெரி என்னுமிடத்தில் பொக்ஸ் நிறுவனத்தின் களஞ்சியம் எரிந்தபோது, அதன் பேசாப் படங்களிற் பெரும்பகுதி ஒரே நாளில் அழிந்தது. பேசும் படம் வந்தபின், மதிப்பிழந்த பழைய சுருள்களை அதிலுள்ள வெள்ளிக்காகவே கரைத்தவர்களும் உண்டு.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1912 முதல் 1929 வரை அந்நாட்டில் வெளிவந்த ஏறத்தாழ 11,000 முழுநீளப் பேசாப் படங்களுள் மூல வடிவில் முழுமையாக எஞ்சியவை 14 வீதம் மட்டுமே. குறும்படங்கள் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. லோறல், ஹார்டி இணையர் சலவை இயந்திரம் ஒன்றைச் சுமந்துகொண்டு படிக்கட்டில் ஏறி இறங்கும் 'ஹற்ஸ் ஓஃப்' என்ற 1927ஆம் ஆண்டுப் படத்தின் ஒரு பிரதிகூட இன்றுவரை கிடைக்கவில்லை. ஒளிப்படங்கள் சிலவே சான்று. 1932இல் அதே படிக்கட்டில் அவர்கள் பியானோவைச் சுமந்து ஏறிய 'த மியூசிக் பொக்ஸ்' ஒஸ்கார் விருது பெற்றது. லொஸ் ஏஞ்சலிசில் அப்படிக்கட்டு இன்றும் உள்ளது. கல் எஞ்சியது; முதற் சிரிப்பு எஞ்சவில்லை.

இந்த இழப்பு நமக்கும் புதிதன்று. முதல் தமிழ்ப் பேசும் படமாகக் கொள்ளப்படும், 1931இல் வெளிவந்த 'காளிதாஸ்' படத்தின் பிரதி ஒன்றும் நம்மிடம் இல்லை.

எனினும், எஞ்சியவை எவ்வாறு எஞ்சின? பெருநிறுவனங்களின் களஞ்சியங்களில் இருந்து மட்டுமன்று. பிரான்சின் பத்தே நிறுவனம் 1922இல் அறிமுகப்படுத்திய 'பத்தே பேபி' என்ற 9.5 மில்லிமீற்றர் வீட்டுச் சுருள்கள் பல குறும்படங்களைக் காத்தன. பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வீட்டில் ஓட்டிப் பார்க்க வாங்கிய சிறு சுருள், பின்னர் உலகில் எஞ்சிய ஒரே பிரதியாக மாறியதுண்டு. கீற்றன் முன்பு வாழ்ந்த வீட்டை வாங்கிய ஆங்கில நடிகர் ஜேம்ஸ் மேசன், 1950களில் அங்கே அவரது படச்சுருள்கள் பூட்டிக் கிடப்பதைக் கண்டார். மிச்சிக்கனில் பழம்பொருள் விற்பனையில் சேகரிப்பாளர் ஒருவர் வாங்கிய சுருளில், 1914இல் வெளிவந்து தொலைந்துபோன 'எ தீஃப் கச்சர்' என்ற படம் இருந்தது. சிறிது நேரமே வந்து போகும் காவலர் வேடத்தில் சாட்சாத் சார்ளி சப்ளின்! 2010இல் இச்செய்தி வெளியானபோது, உலகில் அதிகம் ஆராயப்பட்ட நடிகரின் படப்பட்டியலில் ஒரு வரி கூடியது.

கிறீம் பூசிய 'பை' என்னும் பலகாரத்தை ஒரு தெரு முழுவதும் ஒருவர்மேல் ஒருவர் வீசியடிக்கும் 'பற்றில் ஓஃப் த செஞ்சரி' (1927) என்ற படத்தின் இரண்டாம் சுருளும் இவ்வாறே கிடைத்தது. 1957இல் தொகுப்புப் படமொன்றுக்காக வெட்டி எடுக்கப்பட்ட சில நிமிடங்களே பல தசாப்தங்களாக எல்லோரும் கண்டவை. அத்தொகுப்பைச் செய்தவரிடமிருந்து கைமாறிவந்த தனியார் சேகரிப்பொன்றில், 2015இல், அச்சுருள் ஏறத்தாழ முழுமையாக வெளிப்பட்டது.

பெயர் தெரியாத சுருள்களுக்குப் பெயர் காணும் முறையும் சுவையானது. வேர்ஜீனியாவின் கல்பெப்பரிலுள்ள காங்கிரஸ் நூலகத்தின் திரைப்படக் காப்பகம், 2012 முதல் சில ஆண்டுகள், அடையாளம் தெரியாத படங்களைத் திரையிடும் பட்டறைகளை நடத்தியது. மற்றக் கொட்டகைகளில் மௌனம் காக்க வேண்டும்; இங்கோ சத்தமிட வேண்டும். இருளில் இருந்து ஒருவர் காரின் ஆண்டைக் கூவுவார். இன்னொருவர் கடைப் பலகையை வாசிப்பார். மற்றொருவர் பின்வரிசையில் நிற்கும் துணை நடிகையின் பெயரைச் சொல்வார். இவ்வாறு பலரது சிறிய அறிவுகள் சேர்ந்து, அநாதையாகக் கிடந்த படத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் எழுதிவிடும்.

திரையில் கண்ட தந்தை

இவ்வளவு பாடுபடுவது ஒரு கோமாளியின் கூத்துக்காகவா என்று சிலர் வினவக்கூடும். அவர்களுக்கு மோட் லின்டரின் வாழ்க்கையே விடை.

மக்ஸ் லின்டர் சப்ளினுக்கு முன்பே உலகைச் சிரிக்கவைத்த பிரெஞ்சு நகைச்சுவையாளர். பட்டுத் தொப்பியும் கைத்தடியும் அணிந்த கனவானாக நூற்றுக்கணக்கான குறும்படங்களில் தோன்றினார். சப்ளின் அவரைத் தம் ஆசான் என்றே போற்றினார். 1925இல் லின்டரும் அவரது இளம் மனைவியும் பாரிசில் துயரமான முறையில் ஒன்றாக உயிர் நீத்தபோது, அவர்களது ஒரே மகள் மோட் ஒன்றரை வயதும் நிரம்பாத குழந்தை. தந்தையைப் பற்றிய நினைவு எதுவும் அவருக்கு இல்லை. வளர்ந்த பின்னரே, மற்றவர்களைப் போல இருட்டில் அமர்ந்து, திரையில் தந்தையின் முகத்தையும் நடையையும் அவர் அறிந்துகொண்டார்.

அதன்பின் சிதறிக்கிடந்த அப்படங்களைத் தேடுவதே அவரது வாழ்வாயிற்று. கண்டெடுத்தவற்றைக் கொண்டு 1983இல் தந்தையைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை வெளியிட்டார். 2017இல் காலமாகும்வரை அப்பணியை விடவில்லை. நமக்குப் பத்து நிமிடச் சிரிப்பு. அவருக்கு அதுவே தந்தை.

பெயர் மாற்றப்பட்டவர்கள்

எல்லைகளைக் கடந்தபோது இந்தக் கோமாளிகளின் பெயர்கள் மாறின. பிரான்சில் சப்ளின் 'ஷார்லோ' ஆனார். கீற்றன் 'மலெக்' ஆனார். லோறலும் ஹார்டியும் ஜேர்மனியில் 'டிக் உண்ட் டோஃப்', அதாவது தடியனும் மடையனும். இத்தாலியில் 'ஸ்தான்லியோ, ஒல்லியோ'. எவரும் அவர்களிடம் சம்மதம் கேட்கவில்லை. குடிவரவு அலுவலகத்தில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராகி, நீண்ட பெயர் பாதியில் வெட்டப்பட்டு, பிறந்த திகதி தெரியாதோருக்கு சனவரி முதலாந் திகதி எழுதப்படுவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. புகழ்பெற்றவர்கள் எந்தப் பெயரிலும் தப்பினார்கள். பவர்ஸ் போன்றோரோ மாற்றுப் பெயருக்குள் புதைந்துபோனார்கள்.

நாடோடிகள் அப்பெட்டிகளை எறியாமல் வைத்திருந்தார்கள் என்பதற்காக நாம் நன்றி கூறவேண்டும். பெட்டியின் மேல் எவரேனும் முன்பே ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால், பவர்சின் பெயரைத் தேடி ஏடுகளைப் புரட்ட வேண்டி வந்திராது.

நமது வீடுகளிலும் பெட்டிகள் உண்டு. 1980களிலும் 1990களிலும் மாநகர மண்டபங்களில் மேடையேறிய நாடகங்கள், கலைவிழாக்களில் நம்மவர் நடித்த நகைச்சுவைத் துண்டுகள், அரங்கேற்றங்கள், திருமணங்கள் எனப் பலவும் ஒளிநாடாக்களில் உறங்குகின்றன. அவற்றுட் பலவற்றுக்கு வேறு பிரதி இல்லை. அந்த நாடாவின் காந்தப் பூச்சு ஆண்டுக்காண்டு தேய்கிறது. அதனை ஓட்டும் கருவியைத் தொடர்ந்து உற்பத்தி செய்துவந்த யப்பானின் புனாய் நிறுவனமும் 2016இல் அதனை நிறுத்திவிட்டது. படத்தில் நடித்தவர்களைப் பெயர் சொல்லிக் காட்டக்கூடிய முதியோர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். எல்லா நாளும் இருக்கப்போவதில்லை.

வரும் விடுமுறை நாளில் அப்பெட்டியை இறக்குங்கள். இயலுமாயின் நாடாக்களைக் கணினிக்கு மாற்றுங்கள். அது இயலாவிடினும் பெரியவர் ஒருவரை அருகில் இருத்திக் கேட்டு, ஒவ்வொன்றின் மேலும் எழுதிவையுங்கள்: எந்த ஊர், எந்த ஆண்டு, மேடையில் நிற்பவர் யார், அவரைப் பார்த்துச் சிரிப்பவர் யார். ஒரு பேனாவும் சிறு துண்டுக் கடதாசியும் போதும்.